28 நாள் கெடு

குழந்தையின் மூளையையும் முதுகுத்தண்டையும் காக்கும் ஃபோலிக் அமில மாத்திரை மலிவானது, எளிதில் கிடைப்பது. ஆனால் பெரும்பாலான இந்தியப் பெண்களின் கைக்கு அது வந்து சேரும்போது நேரம் கடந்துவிடுகிறது.

உத்தரப் பிரதேசத்தில், நேபாள எல்லையை ஒட்டிக் கிடக்கிறது பல்ராம்பூர் மாவட்டம். மழைக்காலத்தில் கரைபுரளும் ராப்தி ஆறும் கரும்பு வயல்களும் அதன் அடையாளங்கள். 1957-ல் அடல் பிஹாரி வாஜ்பாயை முதன்முதலாக மக்களவைக்கு அனுப்பிய தொகுதி என்பது ஊரின் அரசியல் பெருமை. மருத்துவ உலகுக்கு அந்தப் பெயர் அறிமுகமானதோ, யாரும் பெருமைப்பட முடியாத ஒரு காரணத்துக்காக.

2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, பல்ராம்பூரில் உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு 1,000 குழந்தைகளுக்கும் 6.57 முதல் 8.21 வரை நரம்புக் குழாய்க் குறைபாடுகள் நேர்வதாகக் கணக்கிட்டது. உலகில் பதிவான மிக அதிக விகிதங்களில் இதுவும் ஒன்று. பெரிய ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளை மட்டும் புரட்டியிருந்தால் இந்த எண் வெளியே வந்திருக்காது. வீட்டில் பிறந்து, வீட்டிலேயே இறந்துபோகும் குழந்தைகள் அந்தப் பதிவேடுகளில் ஏறுவதில்லை.

நரம்புக் குழாய்க் குறைபாடு என்ற பெயர் பலருக்குப் புதிது. அதன் விளைவுகள் புதிதல்ல. சில குழந்தைகளுக்கு மண்டையோட்டின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாவதே இல்லை. அவை கருவிலேயே இறக்கின்றன, அல்லது பிறந்த சில மணி நேரத்தில், சில நாட்களில். வேறு சில குழந்தைகளுக்கு முதுகெலும்பு ஓரிடத்தில் மூடாமல் நின்றுவிடுகிறது. தண்டுவடம் முதுகில் ஒரு கட்டியாகப் பிதுங்கி நிற்கும். 'ஸ்பைனா பைஃபிடா' என்பது இதன் பெயர். இந்தக் குழந்தைகள் பிழைக்கலாம், படிக்கலாம், வேலைக்கும் போகலாம். ஆனால் அதற்கு முன் முதுகை மூட அறுவை சிகிச்சை வேண்டும். தலையில் நீர் கோத்தால் அதை வடிக்க ஒரு குழாய் பொருத்த வேண்டும். பலருக்குக் கால்களில் வலு இருக்காது. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்காது.

நாடு முழுவதுக்கும் இது எவ்வளவு? இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான ஒரு மதிப்பீடு, 1,000 பிறப்புகளுக்கு 4.1 என்றது. ஆண்டுக்கு இரண்டே கால் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இந்தக் கணக்கு ஒரு லட்சத்தை நெருங்குகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும் என்பதுதான் வேதனை. தேவைப்படுவது பி வகை வைட்டமின்களில் ஒன்றான ஃபோலிக் அமிலம், தினமும் 400 மைக்ரோகிராம். ஒரு கிராமை 2,500 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

மாத்திரை இருக்கிறது. அரசுத் திட்டம் இருக்கிறது. வீடு தேடி வரும் ஆஷா பணியாளர் இருக்கிறார். இத்தனையும் இருந்தும் சிக்கல் தீரவில்லை என்றால் காரணம் காலண்டரில் இருக்கிறது.

சுருளும் வெற்றிலை

கருப்பையில் ஒட்டிக்கொண்ட கருவின் முதுகுப் பக்கத்தில் முதலில் உருவாவது தட்டையான ஒரு திசுப் பட்டை. வெற்றிலையைச் சுருட்டுவது போல அதன் இரு ஓரங்களும் மேலெழுந்து, வளைந்து, நடுவில் சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. இப்படி உண்டாகும் குழாயின் மேல்முனை மூளையாகிறது, மீதி தண்டுவடமாகிறது. மேல்முனை ஒட்டாமல் போனால் மூளை உருவாகாது. கீழே ஒட்டாமல் போனால் ஸ்பைனா பைஃபிடா. இந்தச் சமயத்தில் செல்கள் மளமளவென்று பெருகுகின்றன. செல் பெருக டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. உருவாக ஃபோலேட் சத்து வேண்டும். தாயின் ரத்தத்தில் அது குறைவாக இருந்தால் தையல் முழுமை பெறாமல் போகும் அபாயம் கூடுகிறது.

இந்த வேலை முழுவதும் கருத்தரித்த 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு எத்தனை மாத்திரை விழுங்கினாலும் விட்டுப்போன தையல் சேராது.

பிப்ரவரியில் மணமாகி வந்த ஒரு பெண்ணை வைத்து இந்த நாட்களை எண்ணிப் பார்க்கலாம். அவளுடைய கடைசி மாதவிடாய் மார்ச் 1-ல் தொடங்குகிறது. மார்ச் 15 வாக்கில் கரு உண்டாகிறது. மார்ச் 29 அடுத்த மாதவிடாய் வர வேண்டிய நாள். வரவில்லை. புது இடம், அலைச்சல் என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு இன்னும் சில நாள் பார்க்கிறாள். ஏப்ரல் 12-ல் நரம்புக் குழாயின் கெடு முடிந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போய் அப்போது இரண்டே வாரம்தான். மாமியாரிடம் சொல்லலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருப்பாள்.

அவள் ஏப்ரல் கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால்கூட, அரசின் கணக்கில் அவள் 'சீக்கிரமே' வந்தவள். முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் 70 சதவீதம் என்கிறது 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த 70 சதவீதத்திலும் எத்தனையோ பேர் ஏப்ரல் 12-ஐத் தாண்டி வந்தவர்கள். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த அரசின் மாத்திரையைத் தினமும் சாப்பிடத் தொடங்குவதோ நான்காவது மாதத்தில். நம் புதுமணப்பெண்ணின் காலண்டரில் அது ஜூன்.

பம்பாயில் தொடங்கிய தேடல்

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. உலகத்துக்கு ஃபோலிக் அமிலத்தின் வழி தெரிந்ததே இந்தியாவிலிருந்துதான்.

1928-ல் லூசி வில்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பம்பாய் வந்தார். இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் முன்னோடியான அமைப்பு, பிரசவ காலச் சாவுகளைப் பற்றி ஹாஃப்கின் நிறுவனத்தில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளை ஒரு வகைக் கடும் ரத்த சோகை வாட்டியது. கிருமிதான் காரணமா என்று முதலில் தேடினார் லூசி வில்ஸ். பிறகு அவர்களுடைய சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். ஆராய்ச்சி அவரை 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும், 1931 தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரிக்கும் அழைத்து வந்தது. ரொட்டியில் தடவிச் சாப்பிடும் 'மார்மைட்' என்ற ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களின் ரத்த சோகையைக் குணப்படுத்துவதை அவர் கண்டறிந்தார். அதில் உள்ள சத்து என்னவென்று தெரியாததால் அது சில காலம் 'வில்ஸ் காரணி' என்றே அழைக்கப்பட்டது.

1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பசலை வகைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்து 1945-ல் அறிவித்தது லெடர்லி நிறுவனத்தின் குழு. அந்த ஆராய்ச்சியின் தலைவர், பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பிறவிக் குறைபாட்டுக்கும் இந்தச் சத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1965-ல் லிவர்பூலைச் சேர்ந்த எலிசபெத் ஹிப்பர்டும் ரிச்சர்டு ஸ்மித்தெல்ஸும் எழுதினார்கள். உறுதியான பதில் கிடைத்தது 1991-ல். ஏற்கெனவே இந்தக் குறைபாட்டுள்ள குழந்தையைப் பெற்ற பெண்களை வைத்து, 7 நாடுகளில் 33 மையங்களில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனை அது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அதே குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பலன் தரும் மருந்தைப் பாதிப் பேருக்கு மறுப்பது தர்மமல்ல.

இந்தியாவிலும் அப்போது இதே போன்ற சோதனை நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் முடிவு வந்ததும் அதுவும் நிறுத்தப்பட்டது. 2000-ல் வெளியான அதன் முடிவின்படி, ஃபோலிக் அமிலம் கலந்த வைட்டமின் பெற்றவர்களில் 2.92 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 7.04 சதவீதம் பேருக்கும் குறைபாடு மீண்டும் வந்தது. அதற்கு முன்பே, 1992-ல், முதல் குழந்தையிலேயே இந்தக் குறைபாட்டைத் தடுக்க முடியும் என்று ஹங்கேரியில் நடந்த சோதனை காட்டிவிட்டது. அதே ஆண்டில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, கருத்தரிக்கும் வயதிலுள்ள எல்லாப் பெண்களும் தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தது.

சிவப்பு மாத்திரைக் கணக்கு

இந்தியாவில் இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை விநியோகம் 1970-ல் தொடங்கிய பழைய திட்டம். ஆனால் அதன் இலக்கு ரத்த சோகை. இரும்புதான் கதாநாயகன், ஃபோலிக் அமிலம் துணை நடிகர். பிறவிக் குறைபாட்டைத் தடுப்பது அப்போது யாருடைய மனதிலும் இல்லை.

2018-ல் வந்த 'ரத்த சோகை இல்லாத பாரதம்' திட்டம் இந்தக் குறையை ஏட்டளவில் சரிசெய்தது. கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் மூன்று மாதம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. யார் போய்ச் சொல்வது? கர்ப்பிணிகளுக்குப் பதிவேடு உண்டு, அட்டை உண்டு, தேதி உண்டு. கர்ப்பமாகப் போகிற பெண்ணுக்கு எதுவும் இல்லை.

கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கும் அந்தத் திட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. 20 முதல் 49 வயது வரையான பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரை. ஒவ்வொன்றிலும் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. தினம் 400 என்றால் ஏழு நாளைக்கு 2,800. மாதவிடாய் வரும் வயதுப் பெண்களுக்கான வார மாத்திரையில் 2,800 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பதுதான் 2011-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும். இந்திய வார மாத்திரையில் இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

கொடுத்த மாத்திரையும் வயிற்றுக்குள் போகிறதா என்பது வேறு கதை. கர்ப்ப காலத்தில் 180 நாள் மாத்திரை சாப்பிட்ட தாய்மார்கள் 26 சதவீதம்தான் என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று பல காரணங்கள். கர்ப்பிணிக்கே இந்தக் கதி என்றால், புதிதாக மணமாகி வந்த பெண் தினமும் ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? வாரிசை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பத்தில் அது கருத்தடை மாத்திரையோ என்ற சந்தேகம்தான் முதலில் எழும்.

அரிசியும் உப்பும்

மாத்திரையை நம்ப வேண்டாம், சாப்பாட்டிலேயே சேர்த்துவிடலாம் என்பது பல நாடுகள் எடுத்த முடிவு. காரணம் எளிது. உலகில் ஏறத்தாழ பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாமல் வருபவை. அமெரிக்கா 1998 முதல் மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்குச் சுமார் 1,300 குழந்தைகள் இந்தக் குறைபாடு இல்லாமல் பிறக்க அது உதவியதாக அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையம் கணக்கிட்டது. இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது சட்டம். 1991 சோதனையை நடத்திய பிரிட்டன், தன் நாட்டு மாவில் இதைச் சேர்க்க முடிவெடுத்தது 2021-ல்தான். தாமதம் இந்தியாவின் தனிச் சொத்து அல்ல.

இந்தியாவில் வழி அவ்வளவு நேரானதல்ல. வடக்கே கோதுமையைப் பெரும்பாலான குடும்பங்கள் தெருமுனை சக்கியில் கொடுத்து அரைத்து வாங்குகின்றன. ஆலையில் சத்துச் சேர்த்தால் அது அந்த வீடுகளுக்குப் போய்ச் சேராது. அரிசியில் முயற்சி நடந்தது. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தபடி, இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி 2024 மார்ச்சுக்குள் ரேஷன் உள்ளிட்ட அரசுத் திட்டங்கள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

ஆனால் அளவு? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு கிலோ அரிசியில் சேர்க்கப்படும் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். ஒரு பெண் நாளைக்கு 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டால் அதிகபட்சமாக 38 மைக்ரோகிராம் கிடைக்கும். தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்க மாவில் கிலோவுக்கு 1,400 மைக்ரோகிராம்.

உப்பின் மேல் சிலருக்கு நம்பிக்கை இருக்கிறது. எல்லா வீட்டு அடுப்படியிலும் இருப்பது அதுதான். அயோடினைச் சேர்த்து அதன் மூலம் கொண்டுபோன அனுபவமும் நாட்டுக்கு உண்டு. தென்னிந்திய கிராமங்களில் 83 பெண்களுக்கு 4 மாதம் ஃபோலிக் அமிலம் கலந்த அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஃபோலேட் அளவு மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்ததாக 2024-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. சிறிய ஆய்வுதான். ஆனால் திசை காட்டுகிறது. நரம்புக் குழாய்க் குறைபாடுகளைத் தடுக்க உணவில் சத்துச் சேர்ப்பதைத் துரிதப்படுத்த வேண்டும் என்று 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தீர்மானமும் போட்டிருக்கிறது.

கீரையும் பருப்பும் போதாதா என்ற கேள்வி நியாயமானது. கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, ஆரஞ்சு எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது, சாப்பிட வேண்டியவைதான். ஆனால் அது நீரில் கரையும், சூட்டில் சிதையும். நீண்ட நேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பெரும் பகுதி போய்விடும். மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலத்தை உடல் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு உணவிலுள்ளதை எடுத்துக்கொள்வதும் இல்லை. அதனால்தான் டாக்டர்கள் இரண்டும் வேண்டும் என்கிறார்கள்.

பழி யார் மேல்?

குறையோடு குழந்தை பிறந்தால் இந்தியக் குடும்பங்களில் முதலில் தேடப்படுவது குற்றவாளி. கிரகண நேரத்தில் காய்கறி நறுக்கினாயா, வெளியே போனாயா என்று தாயைத்தான் கேட்பார்கள். இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஃபோலிக் அமிலப் பிரசாரமே நாளை புதிய குற்றச்சாட்டாக மாறிவிடக் கூடாது. 'நீ மாத்திரை சாப்பிடவில்லை, அதனால்தான்' என்பது கிரகணத்துக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உண்மை வேறு. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டவர்களுக்கும் சில சமயம் இந்தக் குறைபாடு வருகிறது. மரபணுக்கள், தாயின் சர்க்கரை நோய், வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், முக்கியமாக வால்ப்ரோயேட், இவற்றுக்கும் பங்கு உண்டு. சைவ உணவு அதிகமுள்ள நம் நாட்டில் பி12 வைட்டமின் குறைவு பரவலாக இருக்கிறது. அதுவும் அபாயத்தைக் கூட்டுகிறது. பி12 குறைவாக உள்ளவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் ரத்த சோகை மறையும். நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். எனவே இரண்டையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அளவிலும் குழப்பம். இந்திய மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. 400 மைக்ரோகிராமைப் போல அது பன்னிரண்டரை மடங்கு. முன்பு இந்தக் குறைபாட்டோடு குழந்தை பெற்றவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயாளிகள் போன்றவர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தருவது அந்தப் பெரிய அளவு. மற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும். கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்கி, முதல் மூன்று மாதம் முடியும் வரை தொடர வேண்டும். எந்த அளவு என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. வலிப்பு மருந்தை மட்டும் யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

கல்யாணப் பை

பிறந்த குழந்தைகளின் குறைகளைக் கண்டறிய 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் நரம்புக் குழாய்க் குறைபாடுதான் முதல் பெயர். ஆனால் அது பிறந்த பிறகு நடக்கும் வேலை. ஸ்கேன் முன்பே காட்டிக்கொடுக்கும். அப்போது குடும்பத்தின் முன்னால் இருப்பது கருவைக் கலைப்பதா, தொடர்வதா என்ற கொடிய கேள்வி. இரண்டுக்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. கல்யாணம்.

அந்த வாசலில் அரசு ஏற்கெனவே நின்றுகொண்டும் இருக்கிறது. 2016-ல் ஏழு மாநிலங்களில் பிறப்பு விகிதம் அதிகமுள்ள 146 மாவட்டங்களுக்காகத் தொடங்கப்பட்ட 'மிஷன் பரிவார் விகாஸ்' திட்டத்தில், ஆஷா பணியாளர்கள் புதுமணத் தம்பதிகளுக்கு 'நயீ பஹல்' என்ற பையைக் கொடுத்தார்கள். கருத்தடைச் சாதனங்கள், கர்ப்பப் பரிசோதனைப் பட்டை, கூடவே கண்ணாடி, சீப்பு, பொட்டு. முதல் குழந்தையைத் தள்ளிப்போடச் சொல்லத்தான் அந்தப் பை. தள்ளிப்போட்டது போதும், இனி பெற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கும் நாளுக்காக அதே பையில் ஒரு ஃபோலிக் அமில அட்டையைச் சேர்ப்பது பெரிய செலவல்ல. அது எதற்கு என்று மாமியார் முன்னாலேயே ஆஷா சொல்லிவிட்டுப் போனால் கருத்தடைச் சந்தேகமும் எழாது. திருமணப் பதிவு அலுவலகம், கல்லூரி, அங்கன்வாடி, தடுப்பூசிக்கு முதல் குழந்தையைத் தூக்கி வரும் தாய் என்று இதைச் சொல்ல இன்னும் பல இடங்கள் உண்டு.

லூசி வில்ஸ் பம்பாயின் பஞ்சாலைப் பெண்களைத் தேடிப் போய் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. எந்தச் சத்து என்று தெரியாமலே அவர் அதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்று சத்து தெரியும், அளவு தெரியும், எந்த நாளுக்குள் என்பதும் தெரியும். பல்ராம்பூரில் பிப்ரவரியில் மணமாகும் பெண்ணுக்கு அந்த அட்டை ஜூனில் கிடைத்தால் அது ரத்த சோகைக்கு உதவும். மார்ச்சிலேயே கிடைத்தால் குழந்தையின் முதுகுக்கும் உதவும்.